பூட்டுத் திறக்கப் பழகுவது: டென்ஷன் கொடுக்கும் கையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி சுருக்கமாக இது. கல்லூரியில் படிக்கும் ஒருவர், சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கும் வித்தையைப் பொழுதுபோக்காகக் கற்க ஆசைப்பட்டு, ஆன்லைனில் ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பூட்டும் பதினைந்து கருவிகள் உள்ள ஒரு செட்டும் வாங்கியிருக்கிறார். பிளாஸ்டிக் பூட்டு சட்டென்று திறந்துவிடுகிறது. கடையில் வாங்கிய பித்தளைப் பூட்டு மட்டும் மசியவே மாட்டேன் என்கிறது. பல் பல்லாக இருக்கும் ரேக் என்ற கருவியை உள்ளே விட்டு ஆட்டினால் எப்போதாவது திறக்கிறது, ஆனால் ஏன் திறந்தது என்று புரியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன், இன்னும் நல்ல கருவி வாங்க வேண்டுமா, இதெல்லாம் சட்டப்படி சரியா என்று கேட்கிறார்.

புதுக் கருவி எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கவனம் முழுக்க பிக், அதாவது பூட்டுக்குள் விட்டுத் தேடும் மெல்லிய கம்பி, பிடித்த கையில் இருக்கிறது. எந்தப் பின்னை எவ்வளவு தூக்கினேன், எந்தப் பிக்கை மாற்றினேன் என்று விவரமாகச் சொல்கிறீர்கள். பூட்டை லேசாகத் திருப்பிப் பிடிக்கும் டென்ஷன் ரெஞ்ச் என்ற மடங்கிய கம்பி இருக்கும் கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிட்டத்தட்ட எல்லா ஆரம்பக்காரர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிக் வெறும் தேடும் குச்சி. பூட்டைத் திறப்பது டென்ஷன் கைதான். இது ஏன் என்று புரிய, பூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ரம்பப் பல் மாதிரி வெட்டு உள்ள சாவி போடும் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரு கூடு. அதற்குள் சாவித் துவாரத்தோடு ஓர் உருளை. சாவியைத் திருப்பினால் சுற்றுவது இந்த உருளைதான். கூட்டின் வழியாக உருளைக்குள் வரிசையாக ஐந்து அல்லது ஆறு துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன் தலைமேல் இன்னொரு பின், அதற்கும் மேல் ஒரு ஸ்பிரிங். கீழ்ப் பின்தான் சாவியைத் தொடும். அதன் நீளம் துளைக்குத் துளை மாறும். சாவி இல்லாதபோது ஸ்பிரிங் அழுத்துவதால் மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாக நின்று, உருளை சுற்றாமல் தடுக்கும். சரியான சாவியைப் போட்டால் ஒவ்வொரு கீழ்ப் பின்னும் தேவையான அளவு மட்டும் உயர்ந்து, இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் மிகச் சரியாக உருளைக்கும் கூட்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில் வந்து நிற்கும். இந்த எல்லைக்கு ஷியர் லைன் என்று பெயர். எல்லாத் துளையிலும் சந்திப்பு அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் உருளை சுற்றும். தூக்கித் தடுக்கும் பின் என்ற யோசனை மிகப் பழையது. பண்டைய எகிப்தின் மரப் பூட்டுகளிலேயே இருக்கிறது. இன்று நாம் பயன்படுத்தும் சின்ன உருளை வடிவத்துக்கு அமெரிக்காவின் லைனஸ் யேல் ஜூனியர் 1861லும் 1865லும் காப்புரிமை பெற்றார்.

சரி, சாவி இல்லாமல் இது எப்படித் திறக்கிறது? ஐந்து பின்னையும் ஒரே சமயத்தில் சரியான உயரத்தில் பிடிக்க யாராலும் முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. எந்தத் தொழிற்சாலையாலும் ஐந்து துளைகளைத் துல்லியமாக ஒரே கோட்டில் போட முடியாது. ஒரு துளை மயிரிழை இடப்பக்கம் தள்ளியிருக்கும், ஒரு பின் மற்றதைவிட மயிரிழை பருமனாக இருக்கும். அதனால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால் ஐந்தும் சேர்ந்து இறுகுவதில்லை. முதலில் ஒன்றே ஒன்றுதான் இறுகும். மற்ற நாலும் ஸ்பிரிங்கில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். இறுகிய பின்னைக் கண்டுபிடித்து மெல்லத் தூக்குங்கள். சந்திப்பு ஷியர் லைனுக்கு வந்ததும் உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பும். அந்தத் திருப்பத்தில் உருளையின் விளிம்பு ஒரு படி மாதிரி நீண்டு, மேல் பின் அந்தப் படியில் உட்கார்ந்துவிடும், திரும்பக் கீழே வராது. இப்போது அடுத்த பின் இறுகும். இப்படியே ஒவ்வொன்றாக. எந்த வரிசையில் இறுகும் என்பது அந்தப் பூட்டுக்கே உரியது. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் இரண்டு பூட்டு வாங்கினாலும் வரிசை வேறாக இருக்கலாம்.

இப்போது டென்ஷனுக்கு வாருங்கள். உருளையை பலமாகத் திருப்பிப் பிடித்தால் என்ன ஆகும்? முதல் பின் இறுகும், அதோடு உலோகம் கொஞ்சம் வளைந்துகொடுத்து இரண்டாவதும் மூன்றாவதும் இறுகும். எதைத் தொட்டாலும் கல் மாதிரி இருக்கும். எது முதல் என்று தெரியாது. தூக்கினால் உராய்வில் பின் நகரவே நகராது. நகர்ந்தால் வேகமாகத் தாண்டி ஷியர் லைனுக்கு மேலே போய் மாட்டிக்கொள்ளும். உங்கள் பித்தளைப் பூட்டு மசியாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிக் பூட்டு உங்களைத் திருத்தவே இல்லை, ஏனென்றால் அதன் துளைகள் அவ்வளவு தொளதொள. எவ்வளவு அழுத்தினாலும் அது பொறுத்துக்கொள்ளும். அதை உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள், பழகுவதற்கு வேண்டாம். கண்ணால் பார்த்துத் திறக்கும் பழக்கம் விரலை மந்தமாக்கிவிடும்.

சரியான டென்ஷன் எவ்வளவு? சோறு வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை விரலில் நசுக்கிப் பார்ப்போமே, அந்த அழுத்தத்தோடு தொடங்குங்கள். ரெஞ்சின் நுனியில் ஆள்காட்டி விரலின் சதைப்பகுதியை மட்டும் வையுங்கள், கட்டைவிரலைச் சேர்த்துப் பிடிக்காதீர்கள். நகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகத்தின் நிறம் வெளுக்க ஆரம்பித்தால் அழுத்தம் அதிகம். பூட்டோடு போராடும் எரிச்சலில் நம்மை அறியாமலே விரல் இறுகிவிடும். அப்போதெல்லாம் காட்டிக்கொடுப்பது நகம்தான்.

ஒரு பயிற்சி சொல்கிறேன், திறக்கும் முயற்சிக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். ரெஞ்சை வைத்து, வேண்டுமென்றே பலமான டென்ஷன் கொடுங்கள். பிக்கால் எல்லாப் பின்களையும் மேலே தள்ளிவிடுங்கள். அவை அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். பிக்கை வெளியே எடுத்துவிட்டு, பூட்டைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலின் அழுத்தத்தை மிக மிக மெதுவாகக் குறையுங்கள். ஒரு கட்டத்தில் டிக் என்று ஒரு பின் விழும். இன்னும் கொஞ்சம் குறைத்தால் இன்னொன்று. விரலை எடுத்தேவிட்டோம் என்று தோன்றும் நிலையில்கூட ஒன்றிரண்டு பின் மேலேயே நின்றுகொண்டிருக்கும். ஒரு பின்னைப் பிடித்து வைக்க எவ்வளவு குறைவான அழுத்தம் போதும் என்று அந்தக் கடைசி டிக் சொல்லித் தரும். எழுத்தில் நான் எவ்வளவு விளக்கினாலும் வராதது அதில் வரும். அவசரமில்லாமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

இந்த வித்தையின் வரலாற்றிலும் இதே கதைதான். லண்டனில் ஜோசப் பிராமா 1784இல் காப்புரிமை பெற்ற பூட்டை யாராலும் திறக்க முடியாது என்று, பிக்காடில்லியில் இருந்த கடையின் ஜன்னலில் சவால் பலகையோடு வைத்திருந்தார்கள். திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கிலேயப் பணம்) பரிசு. பல பத்தாண்டுகள் அது அசையாமல் இருந்தது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் அதைத் திறந்தார். 16 நாட்களில் பரவிய 51 மணி நேர வேலை. அதே ஆண்டு, அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கியிருந்த சப் கம்பெனியின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: பூட்டின் நகரும் பகுதிமேல் விடாமல் ஒரே அளவில் அழுத்தம் கொடுத்துக்கொண்டு, உள்ளே எது இறுகுகிறது என்று தேடி, அதைச் சரிசெய்து, அடுத்ததைத் தேடுவது. பிராமா பூட்டில் இருப்பது பின் அல்ல, நீளவாக்கில் நகரும் தகடுகள். சப் பூட்டில் இருப்பது லீவர், அதாவது சாவி தூக்கினால் உயரும் தட்டையான தகடு. ஆனால் முறை, நீங்கள் இன்று பித்தளைப் பூட்டில் செய்ய வேண்டிய அதே முறைதான்.

கருவி பற்றிக் கேட்டீர்கள். உங்கள் செட்டில் உள்ள பதினைந்தில் நுனி மட்டும் மேலே வளைந்த சின்ன ஹூக் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை டப்பாவில் போட்டு மூடுங்கள். பல் பல்லாக இருப்பவை எல்லாம் ரேக்குகள். ரேக் என்பது எல்லாப் பின்களையும் கண்டபடி துள்ளவிட்டு, அதிர்ஷ்டத்தில் எல்லாம் ஷியர் லைனில் உட்காரும் தருணத்துக்குக் காத்திருப்பது. அதனால்தான் ஏன் திறந்தது என்று உங்களுக்குத் தெரியவில்லை. மலிவான பூட்டில் ரேக் வேலை செய்யும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விரலுக்கு எதையும் கற்றுத் தராது. ஒவ்வொரு பின்னாகத் தேடித் திறக்கப் பழகியவர் ரேக்கை எந்த நாளும் ஒரே மாலையில் பிடித்துக்கொள்வார்.

ஹூக்கைவிட முக்கியம் ரெஞ்ச். செட்டோடு வருவது பெரும்பாலும் எல் வடிவத்தில், துவாரத்தின் அடிப்பக்கம் செருகுவதாக இருக்கும். அது பிக் போகும் வழியில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, பின்கள் இருக்கும் பக்கமே, துவாரத்தின் வாயில் மட்டும் சின்னதாகப் பொருந்தும் தட்டையான ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். இடமும் கிடைக்கும், உள்ளே நடப்பதும் விரலுக்குத் தெளிவாக வரும். இதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கார் மெக்கானிக் கடையில் கழற்றிப் போட்ட பழைய வைப்பரைக் கேட்டு வாங்குங்கள். ரப்பரை உருவினால் உள்ளே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டைகள் இருக்கும். குறடால் மடக்கி, அரத்தால் நுனியைத் துவாரத்தின் அகலத்துக்குத் தேய்த்தால் முடிந்தது. நுனி துவாரத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் விரலுக்கு வரும் செய்தியெல்லாம் அந்த ஆட்டத்திலேயே போய்விடும்.

பிக்கும் செய்துகொள்ளலாம். இரும்பு அறுக்கும் ரம்ப பிளேடு சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். கடையில் விற்கும் பிக்குகள் பலவும் அதே தடிமன்தான். பற்களைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஹூக் வடிவம் வரும்வரை கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். உலோகம் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் உறுதி போய்விடும், முதல் பூட்டிலேயே வளையும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. இந்த பிளேடு கண்ணாடித் துண்டு மாதிரி தெறிக்கக்கூடியது. கடைசியில் மெல்லிய உப்புத்தாளால் எல்லா விளிம்பையும் வழவழவென்று ஆக்குங்கள். சொரசொரப்பான பிக் பின்னில் உரசும் ஒவ்வொரு உரசலும் பொய்யான டிக் மாதிரி கையில் படும்.

இனி எந்தப் பூட்டில் பழகுவது. நம் ஹார்டுவேர் கடைகளில் இது கொஞ்சம் குழப்பமான விஷயம். 6 லீவர், 7 லீவர் என்று முகத்திலேயே பொறித்திருக்கும் கனமான பூட்டுகளை இப்போது தொடாதீர்கள். உள்ளே அமைப்பு வேறு, கருவியும் வேறு. பட்டையான சாவியின் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டர் சாவி என்பார். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் பின் பூட்டுதான். ஆனால் அதற்குப் பிக்கின் நுனி வேறு மாதிரி இருக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் மட்டும் ரம்பப் பல் உள்ள சாவி. நான் சொல்வது, தொங்கும் பூட்டைவிட, கதவுப் பலகைக்குள் பதிக்கும் மார்டைஸ் பூட்டுக்குப் போடும் சிலிண்டரை மட்டும் தனியாக வாங்குங்கள். 60 எம்எம் சிலிண்டர், ரம்பப் பல் சாவி, உள்ளதிலேயே விலை குறைந்தது என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இரண்டு பக்கமும் சாவி போடுவதாக வாங்கினால் ஒரே விலையில் இரண்டு பயிற்சிப் பூட்டு. அதைவிடப் பெரிய லாபம், இதைக் கழற்றலாம்.

கழற்றுவதால் என்ன பயன் என்றால், ஒரே ஒரு பின்னோடு தொடங்கலாம். ஐந்து பின் பூட்டில் ஐந்தும் சேர்ந்து பேசும்போது ஆரம்பக்காரருக்கு ஒன்றும் கேட்காது. நான்கை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டுத் திறங்கள். இறுகிய பின் எப்படி இருக்கும், அது ஷியர் லைனுக்கு வரும் கணத்தில் ரெஞ்ச் எப்படி அசையும் என்று சந்தேகமே இல்லாமல் தெரியும். அப்புறம் இரண்டு பின். இரண்டில் எது முதலில் இறுகுகிறது என்று தேட வேண்டும் என்பதால், உண்மையில் இந்த வித்தை இங்கேதான் ஆரம்பிக்கிறது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து. நான் பார்த்தவரை, அடம்பிடிக்கும் கைகளைத் திருத்த இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை.

கழற்றும்போது உருளையின் அதே விட்டத்தில் ஒரு மரக்குச்சி வேண்டும். நடுவிலுள்ள கிளிப்பை எடுத்து, சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பி, உருளையை முன்பக்கமாக வெளியே தள்ளும்போது பின்னாலேயே மரக்குச்சி இடைவெளி விடாமல் தொடர்ந்து வர வேண்டும். இடைவெளி விட்டால் மேல் பின்களும் ஸ்பிரிங்குகளும் சிதறிவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் செய்யுங்கள், அந்த ஸ்பிரிங் தரையில் விழுந்தால் கிடைக்காது. எந்தத் துளையில் எந்தப் பின் இருந்தது என்று ஓர் அட்டையில் வரிசையாக வையுங்கள். தைரியம் வரவில்லை என்றால் சாவி போடும் கடைக்குப் போய், “அண்ணே, கத்துக்கறதுக்குத்தான், ஒரு பின்னை மட்டும் விட்டுட்டு மத்ததைக் கழட்டிக் குடுங்க” என்று கேளுங்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அது அவர்கள் தொழிலின் எச்சரிக்கை, வருத்தப்படாதீர்கள். பூட்டும் சாவியும் பில்லும் உங்கள் கையில் இருப்பதைப் பார்த்தால் பலர் பக்கத்தில் உட்கார வைத்தே காட்டுவார்கள். ஒரு குறிப்பு: கதவில் இந்த சிலிண்டரை மாட்டும்போது பின்கள் கீழ்ப்பக்கம் வரும். அமெரிக்க வீடியோக்களில் எல்லாம் பின்கள் மேல்பக்கம். குழம்ப வேண்டாம், பழகும்போது தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்களைத் தள்ளுவது அவற்றின் எடை அல்ல, ஸ்பிரிங்தான்.

பூட்டில் கை வைக்கும்போது முதலில் ரெஞ்சே இல்லாமல் ஹூக்கைக் கடைசி வரை விட்டு, ஒவ்வொரு பின்னாகத் தடவிக்கொண்டே வெளியே வாருங்கள். எத்தனை பின், எது நீளம், எது குட்டை என்று விரலுக்குத் தெரிய வேண்டும். பிறகு லேசான டென்ஷன். இப்போது ஒவ்வொரு பின்னையும் தொட்டால் நான்கில் ஒரு பதில் வரும். ஸ்பிரிங் மாதிரி துள்ளினால் அதற்கு இன்னும் முறை வரவில்லை, விட்டுவிடுங்கள். விறைப்பாக எதிர்த்தால் அதுதான் இறுகிய பின், அதை மெல்லத் தூக்குங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தமே இல்லாமல் கொஞ்சம் மட்டும் லொடலொடவென்று ஆடினால் அது ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் பின் படியில் நிற்கிறது, கீழ்ப் பின் சும்மா கிடக்கிறது. எந்தப் பக்கமும் அசையாமல் செத்துக் கிடந்தால் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டீர்கள். அப்போது டென்ஷனை மெல்லக் குறைத்து அது விழும் டிக்கைக் கேளுங்கள். மற்றவையும் விழலாம், விழட்டும், திரும்ப ஆரம்பியுங்கள். இந்த நான்கையும் தடுமாறாமல் பிரித்துச் சொல்ல முடிந்துவிட்டால், திறக்காத பூட்டும் உங்களுக்குத் தகவல் கொடுக்கும் பூட்டாகிவிடும்.

கடையில் வாங்கிய புதுப் பூட்டில் பிசிறு இருக்கும். பழகுமுன் சாவியால் பல தடவை திறந்து மூடுங்கள். நம் வீடுகளில் பூட்டு மக்கர் பண்ணினால் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது தூசியோடு சேர்ந்து பிசுபிசுத்து, பின்களை ஒட்ட வைத்துவிடும். கிராஃபைட் தூள் போதும், பென்சில் முனையைச் சுரண்டிய தூள்கூட வேலைக்கு ஆகும்.

கொஞ்சம் நல்ல பூட்டுக்குப் போனதும் ஒரு புது ஏமாற்றம் வரும். எல்லாப் பின்னும் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உருளை பளிச்சென்று சில டிகிரி திரும்பும், திறந்தாயிற்று என்று தோன்றும், அங்கேயே நின்றுவிடும். இதற்குக் காரணம் ஸ்பூல் பின், அதாவது நடுவில் இடுப்பு ஒடுங்கிய மேல் பின். அந்த ஒடுங்கிய பகுதியில் உருளையின் விளிம்பு போய் மாட்டிக்கொண்டு, திறந்தது போல ஏமாற்றுகிறது. இதில்தான் டென்ஷன் கையின் உண்மையான தேர்ச்சி தெரியும். பின்களை ஒவ்வொன்றாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஸ்பூலைத் தள்ளும்போது ரெஞ்ச் உங்கள் விரலுக்கு எதிராகப் பின்னோக்கித் தள்ளும். நம் இயல்பு அதை எதிர்த்து அழுத்துவது. அழுத்தாதீர்கள். விரலைக் கொஞ்சம் தளர்த்தி உருளையைப் பின்னுக்குப் போகவிட்டுக்கொண்டே பின்னைத் தூக்கிக்கொண்டே இருங்கள். இடுப்பிலிருந்து விளிம்பு விடுபட்டு, ஸ்பூல் முழுசாகத் தாண்டியதும் உருளை திரும்பவும் முன்னோக்கி வரும். பாதியில் வேறு பின் விழுந்தால் அதைத் திரும்ப உட்கார வையுங்கள். முதல் பூட்டு திறந்ததைவிட முதல் ஸ்பூல் உருண்டு கடந்த உணர்வுதான் பலரை இந்தப் பொழுதுபோக்கிலேயே பிடித்து நிறுத்துகிறது, எனக்கும் அப்படித்தான்.

இனி சட்டமும் நியாயமும். இந்தப் பொழுதுபோக்கை விளையாட்டாகவே நடத்தும் அமைப்புகள் உண்டு. ஜெர்மனியில் 1997 முதலே சங்கம் இருக்கிறது, நெதர்லாந்தில் தொடங்கிய டூல் என்ற அமைப்பு அமெரிக்காவிலும் கிளை பரப்பியிருக்கிறது. இவர்கள் எல்லோரும் பிடிவாதமாகச் சொல்வது இரண்டு விதி. உங்களுடையது அல்லாத பூட்டைத் திறக்காதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் திறக்காதீர்கள், அது உங்களுடையதே ஆனாலும்.

முதல் விதிக்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கலாம், ஆனால் ஹாஸ்டலில் இருப்பவருக்குத் தேவை. அறையின் பூட்டு கல்லூரியுடையது. வாடகை வீட்டின் பூட்டு வீட்டுக்காரருடையது. நண்பன் வந்து இன்னொருவனின் அலமாரியைத் திறந்து தரச் சொன்னால், விளையாட்டுக்குக்கூட வேண்டாம். இரண்டாவது விதிக்கு இயந்திரக் காரணமே இருக்கிறது. பிக் நுனி உள்ளே உடைந்தால் சாவி இறங்காது. இன்னொன்று, பிக்கால் திறந்த உருளையை அரைச் சுற்றுத் திருப்பினால், சில பூட்டுகளில் சாவித் துவாரத்தின் திறந்த அடிப்பக்கம் பின் துளைகளுக்கு நேராக வந்து, மேல் பின்கள் அதற்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். சாவி போட்டிருந்தால் அந்த இடத்தைச் சாவி அடைத்திருக்கும், பிக்குக்கு அந்த உடம்பு இல்லை. இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் இது நடந்தால் பெரிய அவஸ்தை.

உங்கள் பூட்டை உங்கள் வீட்டில் வைத்துப் பழகுவதில் குற்றம் எங்கே வரும்? அடுத்தவர் பூட்டில் அனுமதியில்லாமல் கை வைத்தால் வரும். ஆனால் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். இரவில் போலீஸ் சோதனையில் அது வெளியே வந்தால், பொழுதுபோக்கு என்று விளக்கிப் புரியவைப்பது சுலபமில்லை. வெளிநாட்டில் இருந்து படிப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். இங்கிலாந்தில் 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தில், திருடும் நோக்கத்தோடு கருவிகளை வெளியே எடுத்துச் செல்வதே தனிக் குற்றம். ஜப்பானில் 2003இல் வந்த சட்டப்படி, தக்க காரணம் இல்லாமல் இந்தக் கருவிகளை வைத்திருப்பதே குற்றம்.

இதைச் சொல்லிக்கொடுப்பது திருடனுக்கு உதவாதா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். நம் செய்தித்தாள்களில் எந்தத் திருட்டுச் செய்தியையும் எடுத்துப் பாருங்கள், பூட்டை உடைத்து என்றுதான் இருக்கும். கடப்பாரை நெம்பும் வேகத்தில் முடியும் வேலைக்கு, ஒவ்வொரு பின்னாக விரலால் தேடும் பொறுமை யாருக்கும் வராது. ஹாப்ஸ் காலத்திலேயே இந்த வாதம் வந்தது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், நாம் சொல்லித் தருவதைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்றுதான் அவர் பக்கத்துப் பதில் இருந்தது. ஒரு பூட்டு பலவீனமானது என்று தெரியாமல் அதை நம்பி வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்தான் நஷ்டப்படுகிறார். பழகத் தொடங்கியதும் நீங்களே உங்கள் வீட்டுப் பூட்டை மாற்றுவீர்கள், நல்ல தாழ்ப்பாளும் போடுவீர்கள்.

பின் பூட்டில் கை படிந்த பிறகு லீவர் பூட்டுக்குப் போகலாம். அதற்கு நம்மிடமே நல்ல பாரம்பரியம் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கையால் செய்யப்படும் லீவர் பூட்டு. மாங்காய்ப் பூட்டு என்ற வடிவம் பலருக்கும் பழக்கம். கருவி முற்றிலும் வேறு: தடித்த கம்பி ஒன்றால் போல்ட்டின் (பூட்டின் தாழின்) மேல் அழுத்தம் கொடுத்துக்கொண்டு, மெல்லிய கம்பி ஒன்றால் லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். ஒவ்வொரு லீவரிலும் உள்ள வெட்டு சரியான உயரத்துக்கு வந்தால்தான் போல்ட்டின் மொட்டு அதற்குள் நுழையும். அங்கேயும் முதலில் இறுகும் லீவர் எது என்ற அதே கேள்விதான்.

இப்போதைக்கு ஒரு சிலிண்டர் வாங்கி, ஒரு பின்னோடு தொடங்குங்கள். மூன்று பின்வரை போய் அதற்கு மேல் நகரவில்லை என்றால், எந்தப் பின் இறுகுகிறது, அதைத் தூக்கும்போது ரெஞ்ச் எந்தப் பக்கம் அசைகிறது என்ற இரண்டை மட்டும் கவனித்து எழுதுங்கள். அதை வைத்தே எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.